காதில் விழுந்த கண்ணிகள்

குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களைப் பற்றி நம்மவர் எழுதியுள்ள கட்டுரைகளைத் திரட்டினால் ஓர் அலமாரி நிறையும். அவற்றுள் நாம் படித்தவை பெரும்பாலும் ஒரே வழியிற் செல்வன. ஷரீஅத், தரீக்கத், ஹகீகத், மஃரிபத் என்னும் நான்கு படிகளும் எவ்வெப் பாடல்களில் பேசப்படுகின்றன, சித்தர்தம் குழூஉக்குறிகள் எங்கெங்கே பயில்கின்றன, தாயுமானவரோடு ஒப்புமை காட்டும் இடங்கள் எவை என்றவாறு அவை விரியும். ஆராய வேண்டியவைதாம், அவற்றைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் பொருளை இத்துணை நுணுகி நோக்கியவர்கள் ஒலியின் பக்கம் காது கொடுத்ததாகத் தெரியவில்லை. இப்பாடல்களை மக்கள் எந்த வயதில், எவ்விடத்தில், யார் குரலில் கேட்டனர்? கேட்ட காது பிறகு என்ன ஆயிற்று? ஒருவர் பாட்டு நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக உயிரோடிருக்கிறதென்றால், இவ்வினாக்களுக்கு விடை தேடுவதும் திறனாய்வாளன் கடனேயாகும்.

இராயபுரத்திலே பிறந்து வளர்ந்த நமக்கு இது வெறும் ஆராய்ச்சி வினா அன்று. மஸ்தான் சாகிபு 1792இல் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்தவர். துறவு பூண்டு பல ஊர்களில் அலைந்து, இறுதியில் இராயபுரத்தில் வந்து தங்கி, 1838இல் இப்பகுதியிலேயே அடங்கினார். அவரை நாம் படித்தது பிற்காலத்தில். அரபிக் கல்லூரியில் ஓதி முடித்துத் தமிழ்த் தேர்வுக்கு அமர்ந்தபோது. கேட்டதோ ஐந்து வயதில்.

வியாழக்கிழமை மஃரிபுத் தொழுகை முடிந்ததும் நம் சந்துக்குள் ஒரு பக்கீர் பாவா வருவார். தோளிலே பச்சைத் துணி. ஒரு கையில் தாயிரா. உடன் வரும் சிறுவன் கையில் சாம்பிராணிச் சட்டி. ஒவ்வொரு வாசலிலும் நின்று இரண்டு கண்ணி பாடுவார். நம் நன்னி முறத்தில் ஒரு கைப்பிடி அரிசி கொண்டு வருவதற்குள் மூன்றாவது தொடங்கிவிடும். நன்னி வேண்டுமென்றே தாமதம் செய்வார். அரிசியைக் கொடுத்துவிட்டால் பாட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுமே என்பது அவர் கணக்கு. நாம் நன்னியின் முந்தானையைப் பற்றிக்கொண்டு நிற்போம். பாட்டின் பொருள் ஒன்றும் விளங்காது. மனோன்மணி என்பது பாவாவின் தொலைந்துபோன மகளின் பெயர் என்றும், அவளைத் தேடித்தான் அவர் வாரந்தோறும் நம் சந்துக்கு வருகிறார் என்றும் நாம் உறுதியாக நம்பியிருந்தோம். பிற்காலத்தில் மனோன்மணி என்பதற்கு யோக நூல்கள் கூறும் பொருளையெல்லாம் கற்றோம், மாணவர்க்கும் கற்பித்தோம். ஆனால் அப்பாட்டைக் கேட்கையில் இன்றும் முதலில் தோன்றுவது தொலைந்துபோன அப்பெண்தான். இதனை அறியாமை என்று தள்ளுவதா, அல்லது பாட்டின் உள்ளீட்டைக் குழந்தைச் செவி தன் வழியில் தொட்டுவிட்டது என்று கொள்வதா? தேடுதல் அன்றோ அப்பாடல்களின் உயிர்!

நம் மார்க்க வழக்கில் குழந்தையின் செவிக்குள்ள இடத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பிறந்த சிசுவின் வலக்காதில் பாங்கும் இடக்காதில் இகாமத்தும் சொல்லப்படுகின்றன. அதற்கு ஒரு சொல்லேனும் விளங்குமா? விளங்காது. இருந்தும் தேன் தொட்டு நாவில் வைப்பதுபோல் ஓசையைத் தொட்டுக் காதில் வைக்கிறோம். 1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் ஆய்வாளர் இருவர், பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகள் பிற பெண்களின் குரலினும் தம் தாயின் குரலையே விரும்பிக் கேட்கின்றன என்று சோதனையாற் காட்டினர். கருவிலிருந்தே செவி தொழிற்படுகிறது என்பது இன்று மருத்துவர் யாவரும் ஒப்பும் செய்தி. வள்ளுவர் கேள்விக்கெனத் தனி அதிகாரம் வகுத்ததும், மக்கட்பேற்றைக் கூறுங்கால் மழலைக்குப் பின்னரே குழலையும் யாழையும் நிறுத்தியதும் இவ்விடத்து நினைக்கத்தக்கன.

இனி, இராயபுரத்துச் சிறுவனின் காதில் வேறென்னவெல்லாம் விழுந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஏனெனில் இசை வெற்றிடத்தில் வந்து விழுவதில்லை. தென்னாட்டின் முதல் இரயில் நிலையம் 1856இல் இராயபுரத்தில்தான் திறக்கப்பட்டது. நாம் வளர்ந்த 1970களில் அந்தப் பாதையில் ஓடியவை பெரும்பாலும் துறைமுகச் சரக்கு வண்டிகள். தண்டவாள இணைப்புகளின் மீது அவை உருளும் ஓசை நான்கு நான்காகப் பிரிந்து வரும். இரவு முழுவதும் அதைக் கேட்டே உறங்கினோம். வடக்கே திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை ஆலைகள். 1948 முதல் லேலண்டு, 1955 முதல் என்ஃபீல்டு, 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம் என்று வரிசையாக நின்றன. பணிமுறை மாறும் வேளையில் ஊதும் சங்குகளைக் கொண்டே வீடுகளில் நேரம் கணித்தனர். கடற்கரையில் வலையிழுக்கும் மீனவர் அம்பாப் பாட்டுப் பாடுவர். ஒருவர் அடியெடுக்க, மற்றவர் ஒரே மூச்சாய்ப் பதிலிறுக்க, கயிறு ஒரு சாண் முன்னேறும். நம் அத்தா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். கனத்த பெட்டியை நகர்த்துகையில் இந்து, கிறித்தவர், முஸ்லிம் என்ற வேறுபாடின்றி எல்லாரும் ஒரே குரலில் பாடியே தள்ளுவர் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பாட்டு நின்றால் பெட்டியும் நின்றுவிடுமாம்.

அரபு யாப்பிலக்கணத்தின் தந்தை கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்களைப் பற்றி ஒரு வரலாறு வழங்குகிறது. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரத்துக் கன்னார் தெருவழியே அவர் நடந்து செல்கையில், செம்புப் பாத்திரங்களின் மீது சம்மட்டிகள் மாறி மாறி விழும் ஓசையைக் கேட்டு நின்றாராம். அசையும் எழுத்து, அசையா எழுத்து என்ற பாகுபாட்டால் கவிதையை அளக்கலாம் என்னும் எண்ணம் அங்கே பிறந்ததாம். அவர் வகுத்தவை பதினைந்து பஹ்ருகள். பதினாறாவதைப் பின்னர் அக்ஃபஷ் சேர்த்தார் என்பர். மதரஸாவில் இவ்வரலாற்றை உஸ்தாது நடத்தியபோது உடன் பயின்றோர் அதனை வேடிக்கைக் கதையாகவே கேட்டனர். நமக்கு மட்டும் அது கதையாகப் படவில்லை. பஸ்ராவின் கன்னார் தெருவும் நம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் பட்டறைகளும் ஒன்றாகவே தோன்றின. ‘ஃபஊலுன் மஃபாயீலுன்’ என்று வாய்ப்பாடு சொல்லும்போதெல்லாம் சரக்கு வண்டியின் ஓசை அடியிலே ஓடிக்கொண்டிருக்கும். பிறர் ஓராண்டு மன்றாடிக் கற்ற யாப்பு நமக்கு ஒரு மாதத்தில் வந்தது. அதற்கு நம் அறிவு காரணமன்று.

குணங்குடியாரின் கண்ணிக்கு மீள்வோம். கண்ணி என்பது ஈரடி. முதலடியில் ஒரு செய்தி எழும். இரண்டாம் அடி எதுகையால் அதனோடு பிணைந்து, வளைந்து வந்து, ஒரு விளியில் முடியும். பராபரக்கண்ணியாயின் பராபரமே என்றும், றகுமான் கண்ணியாயின் றகுமானே என்றும், மனோன்மணிக்கண்ணியாயின் மனோன்மணியே என்றும் அவ்விளி ஒவ்வோர் ஈரடிக்கும் ஒருமுறை திரும்பி வரும். இவ்வமைப்பைத் தாயுமானவரிடமிருந்து அவர் பெற்றார் என்பது யாவரும் அறிந்தது. நாம் இங்கே கூற விரும்புவது வேறு. பொருள் அறியாத குழந்தைக்கு அந்த விளி எப்போது வரும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். மூன்றாவது கண்ணியிலேயே அது காத்திருக்கத் தொடங்கிவிடும். பாவா வேண்டுமென்றே சற்று நிறுத்துவார். தாயிரா ஒரு கணம் மௌனமாகும். சந்திலுள்ள பிள்ளைகள் அனைவரும் பாவாவுக்கு முந்திக்கொண்டு கூவிவிடுவோம். அவர் சிரித்துக்கொண்டே அடுத்ததற்குப் போவார். காத்திருத்தலும், காத்திருந்தது வந்து சேர்தலும், சில வேளை சற்றுப் பிந்தி வருதலும் ஆகிய இம்மூன்றையும் நமக்குக் கற்பித்தது எந்த இசைப்பள்ளியும் அன்று. பிற்காலத்தில் எந்தப் பெரும் பாடகரின் பாட்டைக் கேட்டாலும் உள்ளம் தேடுவது இம்மூன்றைத்தான்.

மவ்லிது மஜ்லிஸ்களிலும் இதே பயிற்சிதான் நடந்தது. ரபீஉல் அவ்வல் பிறந்தால் பன்னிரண்டு நாளும் சுப்ஹான மவ்லிது. ஆலிம்கள் பைத்தை ஓத, சூழ அமர்ந்திருப்போர் பதிலடியைத் திரும்பத் திரும்பச் சொல்வர். பிள்ளைகள் வருவது இறுதியிற் கிடைக்கும் தபர்ருக்குக்காக என்று பெரியவர்கள் கேலி செய்வார்கள். அது முற்றிலும் பொய்யுமன்று. ஆனால் நெய்ச்சோற்றுக்காகக் காத்திருந்த அந்த இரண்டு மணி நேரத்தில் அரபு மொழியின் நெடிலும் குறிலும் நம் உடலில் ஏறிவிட்டன. கி.பி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த பூஸீரி இமாம் (ரஹ்) அவர்களின் புர்தா ஷரீஃப் முழுவதும் ‘மீம்’ என்னும் ஒரே எழுத்தில் இயைபு கொண்டு செல்கிறது. நூற்று அறுபதுக்கு ஏறத்தாழ நெருங்கிய பைத்துகளிலும் அந்த மீம் வந்து இதழ்களை மூடுகிறது. இலக்கண ஆசிரியர்கள் இதனைக் காஃபியா என்பர். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டு.

இவ்வாறு நாம் எழுதுங்கால் நம் உலமாப் பெருமக்களுள் சிலர் புருவம் நெரிப்பதை நாம் அறியாமலில்லை. இசை ஆகுமா, ஆகாதா என்னும் விவாதம் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. அதனை இங்கே தீர்த்துவைக்க நாம் முற்படவில்லை. ஆயினும் அவ்விவாதத்தில் குழந்தைகள் வந்து நிற்கும் இரண்டு இடங்களை மட்டும் சுட்டுவோம். ஒன்று, ஸஹீஹுல் புகாரியில் பெருநாள் பற்றிய பாடத்தில் வருவது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் அன்சாரிகளின் சிறுமியர் இருவர் புஆஸ் போரைப் பற்றிய பாடல்களைப் பாடிக்கொண்டிருக்கின்றனர். அபூபக்கர் (ரலி) அவர்கள் உள்ளே வந்து, இறைத்தூதரின் வீட்டில் ஷைத்தானின் ‘மிஸ்மாரா’ எனக் கடிகின்றார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்களோ, அவர்களை விட்டுவிடுமாறும் இது நம் பெருநாள் என்றும் கூறுகிறார்கள். அதே நபி (ஸல்) அவர்கள் பிறிதொரு வேளை, அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் திருமறை ஓதும் இனிமையைக் கேட்டு, தாவூத் (அலை) குடும்பத்தாரின் ‘மிஸ்மார்’களில் ஒன்று இவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாராட்டினார்கள். கடிதற்கு வந்ததும் பாராட்டுதற்கு வந்ததும் ஒரே வேர்ச்சொல்லாதலை அரபு கற்றோர் நின்று நோக்க வேண்டும்.

மற்றொன்று, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவில் ‘ஸமாஃ, வஜ்து’ பற்றிய நூலில் உள்ளது. இனிய குரலைக் கேட்ட மாத்திரத்தில் தொட்டிற் குழந்தை அழுகையை விட்டு அதன்பாற் செவி சாய்ப்பதையும், ஒட்டகம் ஹுதா என்னும் வழிநடைப் பாட்டைக் கேட்டுச் சுமையின் பாரத்தை மறந்து விரைவதையும் இமாம் அவர்கள் சான்றுகளாகக் காட்டுகிறார்கள். குழந்தைக்கும் ஒட்டகத்துக்கும் பொருள் விளங்கவில்லை. ஓசையே உள்ளத்தை அசைக்கிறது என்பது அவர்கள் கருத்து. அதே நூலில், இசை உள்ளத்தில் இல்லாத ஒன்றை அங்கே கொண்டுவந்து வைப்பதில்லை, இருப்பதையே கிளறிவிடுகிறது என்னும் புகழ்பெற்ற கூற்றும் வருகிறது. முப்பது ஆண்டுகளாக இக்கூற்றை நாம் பாடமாகச் சொல்லி வருகிறோம். பெருங்கடலின் முன் சிறு நண்டுபோல் நின்று ஓர் ஐயத்தைக் கூறிக்கொள்கிறோம்: வளர்ந்தவர்க்கு இது முற்றிலும் பொருந்தும். தொட்டிற் குழந்தையின் உள்ளத்தில் கிளறுதற்கு முன்னரே என்ன இருந்தது? அங்கே ஓசைதான் முதன்முதல் ஒன்றை வைக்கிறது. பின்னாளில் மற்ற ஓசைகள் அதைக் கிளறுகின்றன. நன்னியின் தாமதமும் பாவாவின் நிறுத்தமும் வைத்தவை நம்மிடம் இல்லாதிருந்திருந்தால், பிற்காலத்தில் கிளறப்படுதற்கும் எதுவும் இருந்திராது. இமாம் அவர்களே காட்டிய தொட்டிற் சான்று அவர்கள் கூற்றின் எல்லையைக் குறிக்கிறது என்பது நம் எளிய கருத்து. ஆன்றோர் திருத்தினால் ஏற்போம்.

இந்த ஐயம் ஏட்டிற் பிறந்ததன்று. அதனையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறோம். இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் மாலைநேர மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வந்தோம். பத்து வயதுப் பையன் ஒருவன். பாடம் மனத்தில் நிற்கவே நிற்காது. ஒரு நாள் நாம் வெளியிலிருந்து வருகையில், அவன் ரைகாலின் மீது விரல்களால் தாளமிட்டுக்கொண்டு, தெருவிற் கேட்ட கானாப் பாட்டின் மெட்டில் ஐந்து கலிமாக்களையும் பிழையின்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். சூழ்ந்திருந்த பிள்ளைகள் அவனோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தனர். கலிமாவின் கண்ணியம் கெட்டதே என்ற சினத்தில் நாம் அவன் விரல்களின் மீதே பிரம்பால் அடித்தோம். மறுநாள் அவன் வரவில்லை, பிறகும் வரவில்லை. கண்ணியத்தைக் காக்க வேண்டியது ஓதிக்கொடுப்பவன் கடமைதான். அதில் நமக்கு இன்றும் இரண்டாம் கருத்தில்லை. மெட்டை மாற்றிக்கொடுத்திருக்கலாம். விரல்களை அடித்திருக்கக் கூடாது. எண்ணூர்த் துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரி ஓட்டுபவனாக இப்போது அவனைச் சில வேளைகளில் காண்கிறோம். வண்டியை மெதுவாக்கி ஸலாம் சொல்வான். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். நம்மைக் கண்டதும் அதை நிறுத்திவிடுவான்.

கானாவைப் பற்றி இரண்டொரு சொல் கூறாமல் இப்பகுதியின் இசையைப் பேச இயலாது. வடசென்னையின் சாவு வீடுகளில் பிறந்து, சட்டியும் பானையும் டேப்பும் புல்புல்தாராவும் துணையாக வளர்ந்த இப்பாட்டுக்கு மூலம் குணங்குடியாரே என்று பாடகர் சிலர் கூறுவதுண்டு. நம்மவர் இதைக் கேட்டுப் பெருமிதம் கொள்கின்றனர். பெருமிதம் ஆராய்ச்சி ஆகாது. தண்டையார்பேட்டை என்னும் பெயர் ‘தொண்டியார்பேட்டை’ என்பதன் திரிபு. தொண்டியிலிருந்து வந்த மஸ்தான் சாகிபால் ஏற்பட்டது என்ற கதையையும் இதே வரிசையில் வைத்துச் சொல்வர். எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு தண்டையார்பேட்டையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசம் வந்தது 1693இல். மஸ்தான் சாகிபு பிறந்ததோ அதற்கு 99 ஆண்டுகளுக்குப் பின். ஊர்ப்பெயர்க் கதை இத்துடன் விழுகிறது. அவர் புகழ் இதனால் அணுவளவும் குறையாது. பொய்த்தூணின் மீது அதை நிறுத்த வேண்டிய தேவை நமக்கில்லை.

கானாவின் உறவு அவ்வளவு எளிதாக விழுந்துவிடுவதில்லை. மூலம் என்று சொல்ல ஆவணமில்லை. ஆனால் ஒரே சந்தில் வாழ்ந்த இரு பாட்டுகள் ஒன்றையொன்று கேளாமல் இருந்திருக்க முடியாது. குறுகிய அடிகள், முடிவிலே திரும்பிவரும் விளி, உடம்பின் நிலையாமை, சாவின்முன் செல்வர் வறியர் என்ற வேறுபாடு அழிதல், சூழ்ந்திருப்போர் பதிலிறுத்தல் ஆகியவை இரண்டுக்கும் பொது. நம் சந்தில் பாவாவின் விளிக்கு முந்திக்கொண்டு கூவிய பிள்ளைகளுள் முஸ்லிம் அல்லாதாரே மிகுதி. அவர்களுள் ஒருவர் வீட்டில் சாவு நேர்ந்தால் இரவெல்லாம் கானா ஒலிக்கும். நாம் மாடியிலிருந்து கேட்போம். இராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி அவர்கள் தாமாகவே கீபோர்டு கற்ற தந்தையோடு சிறு வயதிலேயே மேடையேறிப் பாடத் தொடங்கியவர். ஆடவர்க்கே உரியதாயிருந்த கானாவைப் பெண்குரலிற் பாடி, 2020இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். அவருடைய பாடல்களின் கருத்துகளையெல்லாம் நாம் ஏற்கிறோமா என்பது வேறு. தந்தையின் விரல்களைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த காது அது என்பது கேட்கும்போதே தெரிகிறது. கானா என்றால் குப்பத்துப் பாட்டு என்று முகஞ்சுளிக்கும் நம் நடுத்தர வகுப்பார், நம் பக்கீர்மாரையும் அதே முகத்தோடுதான் வாசலிலிருந்து விரட்டினர் என்பதை மறந்துவிடலாகாது.

தொலைவிலுள்ள சான்று ஒன்று. எகிப்தின் உம்மு குல்தூம் அவர்கள் ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசல் இமாமின் மகள். தந்தை திருமண வீடுகளிலும் மஜ்லிஸ்களிலும் நபிப் புகழ்ப் பாக்களைப் பாடி வருவாய்க்கு ஈடு செய்தவர். தம் மகன் காலிதுக்கு அவர் பாடம் சொல்லிக்கொடுக்க, அருகில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமி காதாலேயே அனைத்தையும் பற்றிக்கொண்டாள். குத்தாபில் திருமறை ஓதப் பழகிய நா. ஆகவே அரபு எழுத்துகளின் மக்ரஜ் பிழையாத பாடல். பெண் பிள்ளை பாடுவதா என்ற பேச்சுக்கு அஞ்சித் தந்தை சிறுவன் உடை அணிவித்து மேடையேற்றினார். 1975இல் அவர் மறைந்தபோது கெய்ரோவின் தெருக்களில் திரண்ட கூட்டத்தை உலகம் கண்டது. அவர் ஓர் அடியையே பலமுறை மடக்கிப் பாடுவதையும், அவையோர் ஒவ்வொரு முறையும் ஆர்ப்பரித்து விடையிறுப்பதையும் ஒலிப்பதிவிற் கேட்டபோது, இது மவ்லிது மஜ்லிஸ் அன்றோ என்று நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

நம்மிடையே நாகூர் இ.எம். ஹனிபா (1925–2015) அவர்களும் முறையாகச் சங்கீதம் கற்றவரல்லர். நாகூர்த் தெருக்களின் பைத்து ஓசையே அவர் பள்ளி. அவருடைய குரலின் ஆற்றலைப் பற்றி எழுதப் புகுந்தால் இக்கட்டுரை திசை மாறிவிடும். ஒரு குறையை மட்டும் சொல்வோம். அது அவர்மேல் உள்ள குறையன்று. அவர் குரல் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு முஹல்லாவிலும் முழங்கத் தொடங்கிய பின், பாட நாம் இருக்கிறோமே என்ற எண்ணம் வீடுகளிலிருந்து போயிற்று. இன்று அது கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது. பாட்டு முன்னிலும் மிகுதியாக ஒலிக்கிறது, பதிலிறுப்பார் இல்லை.

திருவொற்றியூரையும் தொட்டுச் செல்ல வேண்டும். தியாகராஜ சுவாமிகள் அவ்வூர்த் திரிபுரசுந்தரியின்மீது ஐந்து கிருதிகள் பாடியுள்ளார். அவருடைய மாணவர் வீணை குப்பையரின் மகன் திருவொற்றியூர்த் தியாகையர் (1845–1917), தந்தையின் வீணை ஒலிக்கும் வீட்டிற் பிறந்து அவரிடமே கற்றவர். இராமலிங்க அடிகளும் (1823–1874) சென்னையில் வாழ்ந்த இளமையில் ஒற்றியூருக்கு நடையாய் நடந்தவர். கோயிற் பண்ணும் வீணையும் ஒரு மருங்கு, தாயிராவும் கண்ணியும் ஒரு மருங்கு, இடையே அம்பாவும் ஆலைச் சங்கும் என்று ஐந்து கல் தொலைவுக்குள் இத்தனையும் ஒலித்திருக்கின்றன. திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் என்ற சைவப் பெரும்புலவர் குணங்குடியார்மீது நான்மணிமாலை பாடியது இந்த மண்ணில் வியப்பன்று. காதுகளுக்கு நடுவே மதில் எழுப்புவது எளிதன்று.

சென்ற ஆண்டு நம் மாணவர் ஒருவர் மனோன்மணிக்கண்ணியின் அமைப்பைப் பற்றி ஆய்வேடு எழுத முன்வந்தார். கண்ணிகள் அச்சிற் காணப்படும் வரிசையே ஆன்மிகப் படிகளின் வரிசை என்பது அவர் கொள்கை. முன்னோர் பலர் கூறியதுதான். பாடுவாரையும் ஒருமுறை கேட்டுவிடலாமே என்று, தர்காவை அடுத்து வாழும் முதிய பக்கீர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றோம். முதியவர் கண்பார்வை மங்கியவர், எழுத்தறியாதவர். தாயிராவை மடியில் வைத்துக்கொண்டு தொடங்கினார். நாம் அச்சுப் புத்தகத்தை விரித்து விரலால் தொடர்ந்தோம். நான்காவது கண்ணியிலேயே விரல் வழி தவறியது. எதுகை ஒத்த கண்ணிகளையெல்லாம் அவர் ஒருங்கே திரட்டிக்கொண்டு பாடினார். அச்சில் முற்பகுதியில் உள்ளது பின்னே வந்தது; பின்னுள்ளவை இரண்டு முன்னே வந்தன. படிகள் கலைந்துபோயின. ஆனால் ஒவ்வோர் எதுகைத் தொகுதியும் முடியுமிடத்தில் தாயிராவின் நடை மாறுவதையும், விளி ஒரு தட்டுப் பிந்தி விழுவதையும் அச்சு வரிசையில் வைத்து ஒருபோதும் அறிந்திருக்க முடியாது. மாணவர் சோர்ந்துபோனார். வரிசை பிறழ்கிறதே என்று பணிவோடு கேட்டார்.

“எங்க அத்தா இப்படித்தாம்பா பாடுவாரு. எனக்கு அப்ப ஆறு வயசு” என்றார் முதியவர்; விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அச்சு வரிசை யார் வகுத்தது, பதிப்பாசிரியரா பாடியவரா என்பது இனி ஆராயப்பட வேண்டும். மாணவர் தம் ஆய்வேட்டின் முதல் இயலைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார். முதியவரின் பாடலை மூன்று அமர்வுகளில் பதிவு செய்திருக்கிறோம். இன்னும் பாதிக்கு மேல் எஞ்சியுள்ளது. வியாழக்கிழமைதோறும் மஃரிபுக்குப் பின் போகிறோம். விளி வருமிடத்தில் அவர் சற்று நிறுத்துகிறார், நாம் பதிலிறுக்கிறோம்.